வடக்குச் சுவரில் வெட்டிய வழி

அம்மா,

அரக்கு உருகிய மணம் இன்னும் போகவில்லை. பகலில் கந்தோர்க்காரர் கடிதங்களுக்கு முத்திரை வைப்பது உங்கள் அறையில்தான். நீங்கள் கடைசியாகக் கிடந்த அதே அறை. பட்டணத்திலேயே பழைய வீடு என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் வீட்டில் இப்போது எங்களுக்குச் சமைக்கக் குசினியும் படுக்க அதன் பக்கத்து அறையும்தான். மிச்சமெல்லாம் சனத்துக்குக் காணி கொடுக்கும் அரசாங்கக் கந்தோர். அப்பா விழித்துவிடாமல் குப்பி விளக்கைத் தணித்து வைத்து, பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

சாவுக்கு ஆகாத நாளென்று சொல்லும் பஞ்சமியில் நீங்கள் செத்தீர்கள். அதனால் உங்களை வாசலால் கொண்டுபோகவில்லை. வடக்குச் சுவரை வெட்டி, அந்த வழியால் தூக்கிப்போய், அன்று பின்னேரமே கல் வைத்துப் பூசிவிட்டார்கள். "ஆறு மாதத்துக்கு இந்த அறையைத் திறக்கப்படாது. திறந்தா அவா வந்து ஆரையும் கூட்டிக்கொண்டு போயிடுவா" என்று மாமி அப்பாவிடம் சொன்னார்.

மூன்றாம் மாதமே அப்பா வீட்டைக் கந்தோருக்கு வாடகைக்குக் கொடுத்தார். சனம் விண்ணப்பம் நீட்ட ஒரு யன்னல் வேண்டுமென்று சுவரை இடித்துப் பார்த்தார்கள். பழைய சுவர் அசையவில்லை. உங்களைத் தூக்கிப்போய் அடைத்த வழி மட்டும் உதிர்ந்தது. "ஆரோ எங்களுக்கெண்டு முதலே வெட்டி வைச்சிருக்கினம் ஐயா" என்று பியோன் சிரித்தான். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த அறையிலை ஆரும் செத்தவையோ?"

அவருக்குப் பின்னால் நின்ற அப்பா, சொல்லாதே என்பதுபோல் என்னையே பார்த்தார். நீங்கள் ஆசுபத்திரியில் செத்ததாகச் சொன்னேன். அந்த வழியிலேயே யன்னல் வைத்தார்கள்.

பனங்கட்டியைத் தின்றுவிட்டு இல்லையென்று நான் நின்றபோது, என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, "நீ பொய்க்குச் சரிவரமாட்டாய், மூக்கு வேர்க்குது" என்று. அன்றும் வேர்த்தது. கிளாக்கருக்கு அது தெரியாது.

அப்பாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். மருந்துக்கு அடங்கவில்லை. இன்று பொழுதுபட, "பிள்ளை, யன்னலடியிலை கொம்மா நிக்கிறா, என்னவெண்டு போய்க் கேள்" என்றார். நான் போகவில்லை. எத்தனை நாள் உங்களைக் காண ஆசைப்பட்டேன். இன்று அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

அவரை விட்டுவிடுங்கோ அம்மா. நான் உண்மை சொல்லியிருந்தால் அந்த வழியை அன்றே அடைத்திருப்பார்கள். நாளைக் காலை காணி கேட்டு வருகிறவர்களோடு வரிசையில் நின்று, அந்த யன்னலடியிலேயே கிளாக்கரிடம் சொல்லப்போகிறேன். சுவரை அடையுங்கோ என்று கேட்பேன். அடைத்தால் நீங்கள் இனி வரமாட்டீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். அப்பா எழும்பினால் அடிப்பார். எழும்பினால் போதும்.

சொல்லப்போவதை இப்போது மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மூக்கைத் தொட்டேன். காய்ந்திருக்கிறது.