நம்ம நாய்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதை மாட்டிக்கொண்டு வீட்டில் எங்கெங்கே தூசி இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், துடைக்க மட்டும் வரமாட்டார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நாய் கடித்த என் வலது ஆள்காட்டி விரலும் அப்படியேதான் இருக்கிறது, நுனியில் உணர்ச்சி இல்லை, பேனாவை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது உன்னால் முடியாது, கடைசி வரைக்கும் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். அந்த நாயை வளர்க்கிற, நம் தெருவில் பெரிய இரும்புக் கேட்டு போட்ட வீட்டுக்காரர் உனக்குப் போன் செய்தாராம், ஆஸ்பத்திரிச் செலவைத் தந்துடறேன், அம்மாவை கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு தம்பி என்றாராம், நீயும் சரி சார், சொல்றேன் சார் என்றாயாம். யாரைக் கேட்டு அந்தச் சரியைச் சொன்னாய்? கடித்தது உன் விரலையா? இப்போது அவர் தெரு முழுக்க, பையனே சரின்னுட்டான், அந்தம்மாதான் பிடிவாதம் பிடிக்குது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நாய் கடித்த அன்றுகூட நான் அழவில்லை. இதைக் கேட்ட அன்று அழுதேன். அப்பாவைக் கேட்டுப் பார்.

நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு, இப்போது சொல்கிறேன். எங்கள் லேபில், நரம்பு சுலபத்தில் கிடைக்காதவர்கள் வீட்டுக்கெல்லாம் ரத்தம் எடுக்க என்னைத்தான் அனுப்புவார்கள். ஊசியை யார் வேண்டுமானாலும் குத்தலாம், நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. அந்தக் கேட்டு வீட்டுக்காரருக்கு நரம்பு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆறு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தவள் நான்தான். அன்றைக்கும் அவர் வரச் சொல்லித்தான் போனேன். உள்ளே கால் வைத்ததும், தெருவில் மேனேஜர் என்று பேர் வாங்கிய அந்தப் பெரிய நாய் பாய்ந்து வந்து கையைக் கவ்விவிட்டது. கட்டாமல் விட்டிருந்தார்கள். டியூப், ஊசி, பஞ்சு எல்லாம் வாசல் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

கட்டுப் போட்ட கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் எழுதியவர் எந்த நாய் என்று கேட்டார். நான், "நம்ம நாய்தான் சார், மேனேஜரு, நல்லாப் பழகினதுதான், என்னமோ கடிச்சிருச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். நம் வாய் அப்படி. நம்ம டாக்டர், நம்ம தபால்காரர், நம்ம பஸ் என்கிறோம், பஸ் என்ன நம் பேரிலா ஓடுகிறது? அவர் நம்ம நாய் என்றே எழுதிக்கொண்டார், நானும் வலியில் படித்துப் பார்க்காமல் இடது கையால் கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் விசாரணை. குட்டியிலிருந்து வளர்த்த நாயை, அது என் நாயே இல்லை, தெருநாய், கேட்டு திறந்திருந்தால் வந்து படுக்கும் என்று அந்த மனுஷன் அந்தர் பல்டி அடித்துவிட்டார். அவருடைய வக்கீல் என் புகாரைத் தூக்கிப் பிடித்து அந்த இரண்டு வார்த்தையை நாலு தரம் படித்தார். நம்ம நாய் என்று இவரே சொல்லியிருக்கிறார், அப்படியானால் நாய் இவருடையது, என் கட்சிக்காரர் எதற்குப் பொறுப்பு என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த வக்கீல் குரலைத் தேனாக மாற்றிக்கொண்டு நீதிபதியிடம், "நம்ம அம்மாவுக்கு வயசாயிடுச்சு, பயத்துல எதையாவது மாத்திச் சொல்லியிருப்பாங்க" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! "இப்ப என்னை நம்ம அம்மான்னீங்களே ஐயா, உங்களை நான் எப்பப் பெத்தேன்?" என்று கேட்டுவிட்டேன். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடித்தபின், அந்த வார்த்தை எந்த அர்த்தத்தில் வந்தது என்று புரிகிறது, ஆனால் நாய் அந்த வீட்டுக்காரருடையது என்று காட்ட ஏதாவது ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று இன்னொரு தேதி கொடுத்தார். ஆதாரத்துக்கு எங்கே போவது? நாய்க்கு லைசென்ஸ் இல்லை. தெருவில் ஒருத்தரும் சாட்சிக்கு வரவில்லை, அவரவருக்கு அவரிடம் ஏதோ காரியம் இருக்கிறது. எங்கள் வக்கீல் பெண்ணே கொஞ்சம் சோர்ந்துவிட்டாள்.

இந்தத் திங்கட்கிழமை நடந்ததைக் கேள். ஏழு மாதமாக லேபில் என்னை டியூபுக்கு லேபிள் ஒட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை, இடது விரலைப் பழக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் அப்பாவின் கையில்தான். பாவம், மனுஷன் தினமும் முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை கேட்டு வீட்டிலிருந்து லேபுக்குப் போன் வந்தது. புதுப் பையன்கள் நாலு இடத்தில் குத்தியும் ரத்தம் வரவில்லையாம், பழைய அம்மாவையே அனுப்புங்கள் என்றாராம். வெட்கம் மானம் எதுவும் கிடையாது! முதலாளி தயங்கினார். நான் போகிறேன் என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தபோது, எதுக்கு வம்பு என்று வழக்கமான பல்லவியைப் பாடினார். எனக்கு மட்டும் பயமில்லையா? கேட்டுக்கு வெளியே நின்று, இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். திரும்பிப் போயிருந்தால் சாகிற வரைக்கும் லேபிள்தான் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

நாய் கடித்தபின் நான் சண்டை போட்டு, வீட்டில் ரத்தம் எடுக்குமுன் நிரப்பி வாங்கும் எங்கள் லேப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வைத்திருக்கிறேன். வீட்டில் வளர்ப்பு நாய் உண்டா, கட்டியிருக்கிறதா என்று எந்த வீடானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நாங்கள் உள்ளே போவோம். அதைக் கேட்டுக் கம்பி வழியாக அவரிடம் நீட்டினேன். தெரிஞ்ச வீடுதானேம்மா என்று அசடு வழிந்தார். மேனேஜர் அவர் முழங்காலில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது. "இல்லைன்னே எழுதுங்க சார், நகராட்சி வண்டியைக் கூப்பிடறேன், யாருமில்லாத நாயைப் பிடிச்சிட்டுப் போகட்டும், அப்புறம் உள்ள வரேன்" என்றேன். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் தொங்கிப்போய்விட்டது. உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாடா செல்லம் என்று கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலியில் கட்டினார். பொய் சொன்ன மனுஷன், நாயை விட்டுக்கொடுக்கவில்லை, அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. உள்ளே போனேன். இடது விரலால் தடவினேன். கிடைத்தது நரம்பு! ஒரே குத்து. டியூபில் ரத்தம் ஏறும்போது மெதுவாக, அந்தப் பேப்பர் கோர்ட்டுக்குப் போகுமா என்று கேட்டார். "போகும் சார். கையை ஆட்டாதீங்க, ஊசி உள்ள இருக்கு" என்றேன்.

எங்கள் வக்கீல் பெண் அந்தப் படிவத்தை லேபிலிருந்து முறைப்படி கேட்டு வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணை. நான் போகத்தான் போகிறேன். நாளையிலிருந்து வீடுகளுக்கும் போகிறேன், முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது.

நீ மனசில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வண்டியில் போகும்போது ஹெல்மெட்டைத் தலையில் போடு, கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு போகாதே, ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய், அப்படி அடிபட்டுக் கிடக்கும் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்து எடுத்து என் மனசு கெட்டுப்போயிருக்கிறது. நோய் நொடியில்லாமல், நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அவர் மறுபடி போன் செய்தால் சரி சார் என்று வாயைத் திறக்காதே. இது அம்மாவின் கேஸ், அம்மாவிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வை.

பாதிக் கோபம் ஆறிய,
உன் அம்மா