நீ மாட்டிய ஷட்டர் மோட்டார்

அண்ணா,

இன்று காலை ஷட்டர் விழுந்தது. ரிமோட்டை அழுத்தியதும் வழக்கம்போல உறுமிக்கொண்டு இடுப்பு உயரம் வரை ஏறியது. மேலே எதுவோ கடகடவென்று அரைபட்டது. அடுத்த நொடி மொத்த இரும்பும் தடாலென்று தரைக்கு வந்துவிட்டது. அடியில் நான் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி அப்பளமாக நசுங்கிப்போனது. வாளிக்கும் என் காலுக்கும் ஒரு சாண் இடைவெளிதான். கருகிய கிரீஸ் வாசனை கார் ஷெட் முழுக்கப் பரவியது. நீ வேலை முடிந்து வரும்போது உன் சட்டையில் இருக்கும் அதே வாசனை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "கால் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். இருக்கிறது என்றேன். ஆளைக் கூப்பிடலாம் என்றாள். வேண்டாம், நானே மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி ஏணியை இழுத்துப் போட்டேன். அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மோட்டாரின் மூடியைக் கழற்றினால், உட்பக்கத்தில் உன் கையெழுத்து. கறுப்பு மார்க்கரில் கோணல்மாணலாக எழுதியிருந்தாய்: "மெயின் ஆஃப். ஷட்டர் தரையில. அப்புறம் கை வை." பன்னிரண்டு வருஷமாக அது அங்கே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. மெயினை அணைத்துவிட்டு வந்து மறுபடி ஏறினேன். செயின் தொளதொளவென்று தொங்கியது. சின்னப் பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்தி முனைபோல் ஆகியிருந்தன. விரல் வைத்ததும் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இந்த மோட்டாரை நீ எதற்காக மாட்டினாய் என்பதை இதுவரை நான் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்கூட நான் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்பா இந்த அசோக் நகர் வீட்டின் கீழ்த்தளத்தை எனக்குக் கொடுத்தார். கல்யாணம் ஆகி என் கணவனும் இங்கேயே வந்துவிட்டான். அவனை 'அவர்' என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை, விட்டுவிடு. அடையாறில் ஒரு லேபில் எனக்கு ரத்தம் எடுக்கிற வேலை கிடைத்தது. போகக் கூடாது என்றான். போனேன். முதலில் பேச்சை நிறுத்தினான், பிறகு கை நீட்டினான். ஊசி போடும் கையில் வீக்கத்தோடு போய், கதவில் இடித்துக்கொண்டேன் என்று நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு மதியம். வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டரை எடுக்க ஷெட்டுக்குள் வந்தேன். பின்னாலேயே வந்தவன் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை இல்லை. போனைப் பிடுங்கி மிதித்தான். வீட்டுக்குள் போகும் கதவு அந்தப் பக்கம் தாழிட்டிருந்தது. ஷட்டரைக் கீழே இழுத்து வெளியே பூட்டுப் போட்டான். "இப்ப போ வேலைக்கு" என்று சொன்னது தகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

இரும்பு ஷட்டர் அடுப்புபோலக் கொதித்தது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் கண்ணில் இறங்கிக் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கையால் தட்டினால் சுட்டது. செருப்பைக் கழற்றி அதால் அடித்தேன். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று நினைவில்லை. எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கன்னியம்மாதான் கேட்டிருக்கிறாள். முன்பொரு நாள் அவளுடைய தேய்ந்த வண்டிச் சக்கரத்தை நீ சரிசெய்து கொடுத்து உன் நம்பரையும் கொடுத்திருந்தாய். அவள் உனக்குப் போன் செய்தாள்.

நந்தனத்தில் ஏதோ லிஃப்ட் வேலையில் இருந்தாய். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. "பாப்பா, சுவத்தோரமா போ" என்று மட்டும் சொன்னாய். பிறகு கடப்பாரை. முதல் அடியில் பூட்டு போகவில்லை. மூன்றாவது அடியில் ஷட்டரின் அடித்தகடே கிழிந்து வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. நீ குனிந்து என் முகத்தைப் பார்த்தாய். "எங்க கீறான்?" என்றாய்.

சத்தம் கேட்டு அவனே வாசல் படியிறங்கி வந்தான். அண்ணா, நீ அவனை அடித்ததை நான் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் அறையிலேயே அவன் கீழே விழுந்துவிட்டான். நீ நிறுத்தவில்லை. அவன் கையை முறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனபோது, விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவன் அலறினான். அதற்குப் பிறகும் நீ மிதித்தாய். கன்னியம்மா "போதும் நைனா, செத்துடப் போறான்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. தாகத்தில் தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் "விட்டுடு அண்ணா" என்றேன்.

ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்துச் சமாதானம் ஆனோம். அவன் மாவுக்கட்டுப் போட்ட கையோடு தன் அம்மா வீட்டுக்குப் போனான். திரும்பி வரவில்லை. பிறகு விவாகரத்தும் ஆயிற்று.

அடுத்த வாரமே நீ மோட்டாரோடு வந்து நின்றாய். "இனிமே வெளிய இருந்து எவனும் பூட்ட முடியாது. ரிமோட் உன் கையில" என்றாய். மோட்டார் வைத்தால் பழைய ஸ்பிரிங் தேவையில்லை. அதை மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீதான். ஆனால் அன்று உனக்குக் கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. கட்டிங் மெஷினை வைத்து அப்படியே அறுத்தாய். முறுக்கோடு இருந்த ஸ்பிரிங் தகடு சீறிக்கொண்டு வெளியே வந்தது. உன் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியில் போய்விட்டன. ஷெட் சுவரில் ரத்தம் வாரி இறைத்தாற்போல் இருந்தது. என் துப்பட்டாவால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். நீ வெளுத்துப்போன முகத்தோடு சிரித்தாய். "ரெண்டு விரல்தானே பாப்பா. எட்டு கீது" என்றாய். காயம் ஆறியதும் அந்தக் கையோடேயே வந்து வேலையை முடித்தாய். மூடிக்குள் எழுதியதும் அப்போதாகத்தான் இருக்க வேண்டும். எழுத்து அதனால்தான் அப்படிக் கோணியிருக்கிறது.

இதைப் பார்த்துக்கொண்டே இன்று ஏணியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டேன். "என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி. ஒன்றுமில்லை என்றேன். தேய்ந்த சக்கரத்தின் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. சுத்தியலால் நாலு போடு போட்ட பிறகுதான் இளகியது. அடிக்க அடிக்க அண்ணியின் தோள் ஒவ்வொரு அடிக்கும் குலுங்குவதை மேலேயிருந்து பார்த்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி, மீதியைச் சத்தமில்லாமல் திருகி எடுத்தேன்.

அதைப் பற்றியும் எழுத வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்பு அண்ணி என் லேபுக்கு வந்தாள். டாக்டர் ரத்தசோகை என்று சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நீங்கள் சைதாப்பேட்டையில் இருந்தீர்கள். அங்கே இருக்கும் லேபையெல்லாம் விட்டு என்னிடம் ஏன் வந்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை. வேண்டுமென்றே வந்திருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னேன். மேல் கையில் நீலமாக நாலு விரல் தடம். இரண்டு நீளம், இரண்டு குட்டை.

எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காயம் எத்தனை நாள் பழசு என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். யாருடைய கை என்று சொல்ல முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

ஊசியை வைத்துவிட்டு, "எத்தனை நாளா?" என்றேன்.

"கல்யாணம் ஆனதுலேருந்து" என்றாள் அண்ணி. "நீ ஒண்ணும் கேட்டுடாத. உன்மேல அவருக்கு உசிரு."

என்னை அந்த ஷெட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் படுக்க வைத்தபோது, என் நெற்றிக்கு மருந்து போட்டது அவள்தான். அன்றும் அவள் உடம்பில் தடம் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

லேபுக்கு வந்த அன்று சாயங்காலமே அவளை இங்கே அழைத்து வந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே நீ வந்தாய். ஷட்டரைத் தட்டினாய். பிறகு குத்தினாய். பிறகு உதைத்தாய். நானும் அண்ணியும் உள்ளே நின்றிருந்தோம். ஒவ்வொரு உதைக்கும் தகடு எங்கள் பக்கம் புடைத்தது.

"பாப்பா, தொற. இது எங்க வூட்டு விஷயம். அவள அனுப்பு."

ரிமோட் என் கையில் இருந்தது. என்னால் அதை அழுத்த முடியவில்லை. அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. உன் வண்டியின் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு இடிக்கும் சத்தம். கடப்பாரை வந்துவிட்டது என்று தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது கன்னியம்மாவின் குரல் கேட்டது, ஷட்டரை ஒட்டி, மிகப் பக்கத்தில்.

"நவுரு கன்னிம்மா" என்றாய்.

"நவுர மாட்டேன். அடிக்கிறதுன்னா என்னிய அடிச்சிட்டு உள்ள போ. அன்னிக்கு இந்தப் பொண்ணுக்கோசரம் உனுக்குப் போன் போட்டவ நான்தான். இன்னிக்கு இன்னா பண்ணட்டும்? யாருக்குப் போடட்டும்? நீயே சொல்லு நைனா."

கடப்பாரை தரையில் விழுந்து உருண்டது. நீ நடைபாதையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததாகவும், அப்புறம் எழுந்து போய்விட்டதாகவும் கன்னியம்மா பிறகு சொன்னாள்.

அண்ணி உன்னிடம் திரும்பிப் போகவில்லை. நீயும் அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்கு வரவில்லை. இரண்டு வருஷம். பிறகு ஒரு மத்தியானம் நந்தனத்தில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில், மெயினை அணைக்காமல் லிஃப்ட் குழிக்குள் இறங்கினாய் என்று போன் வந்தது. நம்ப முடியவில்லை. அடுத்தவர் மோட்டாருக்குள் எழுதி வைக்கிற ஆள் நீ. கோபத்தில் இருந்தாயா, வேறு ஏதாவது யோசனையில் இருந்தாயா, கேட்க யாரும் இல்லை. பிணவறையில் உன் வலது கையைப் பார்த்துத்தான் நாங்கள் அடையாளம் சொன்னோம். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அங்கிருந்தவர்களே சொல்லிவிட்டார்கள். அண்ணி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள், நிற்காமல், இரண்டு நாள்.

இன்று புதுச் சக்கரமும் செயினும் மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மெயினைப் போட்டதும் ஷட்டர் முனகாமல் ஏறியது. அண்ணி கைதட்டினாள். தோசைக்கு அரைக்க வேண்டும் என்று உள்ளே போனாள். நான் கையில் கிரீஸோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கடைசியாக உன்னைப் பார்த்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு என் லேபுக்கு வந்தாய். டோக்கன் வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் முறை வந்ததும் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாய். "சக்கரை பாக்கணும்" என்றாய். மெலிந்திருந்தாய். நான் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினேன்.

"எப்படி கீறா?"

"நல்லா இருக்கா."

"வருவாளா?"

"வரமாட்டா அண்ணா."

தலையை ஆட்டினாய். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தபோது, என் தலையில் கை வைக்க நீ இன்னொரு கையைத் தூக்கினாய். சின்ன வயதிலிருந்து நீ செய்வதுதான். நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். ட்ரே கவிழ்ந்தது. யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகப் போனது. அதற்கு முன்னால் ஒருநாளும் நான் உன் கைக்குப் பயந்ததில்லை.

நீ அதைப் பார்த்தாய். உன் கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு அதைக் கீழே இறக்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாய். "பயப்படாத பாப்பா" என்றாய். அப்படி உன் குரலை நான் கேட்டதே இல்லை.

உன்னை நினைக்கும்போது அடி விழும் என்று நான் குனிந்துகொள்வேனா, ஓடிவந்து உன் பின்னால் ஒளிந்துகொள்வேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்கிறேன், அண்ணா.