பெட்டைக் கோழிகளுக்கு இடம் கேட்டோம்

அன்பு மகள் வெண்டிக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே உன்னை வார்டில் கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால் கோழி விஷயம் முழுவதையும் எழுதியே அனுப்புகிறேன்.

இங்கே ஈப்போவில் நல்ல மழை. காலையில் எழுந்தால் மலைகளைக் காணோம், பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல எங்கேயோ இருக்கின்றன. அந்த வெள்ளைக்குள்ளே கோழிகள் தமக்குள் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டு நடக்கும், நான் பின்வாசல் படியில் காப்பியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், விழித்திருக்கிறேனா கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாது. நீ போன பிறகு வீட்டில் ஏதாவது சத்தம் வேண்டும் என்றுதான் அவற்றை வாங்கினேன், உன் அப்பா பேசுகிற பேச்சுதான் உனக்குத் தெரியுமே. சில பெட்டைகள், ஒரு சேவல். சேவல் நடக்கிற தோரணையைப் பார்த்துவிட்டு, ரப்பர் தோட்டத்து மேனேஜர் போலவே இருக்கிறது என்று அப்பாதான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார்.

போன மாதம் நகர மன்றத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்தாள், மரியாதையான பிள்ளை. குடியிருப்புத் தாமானில் கோழி வளர்க்க அனுமதி இல்லை, புகார் வந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள் மக்சிக் என்று அத்தை முறை வைத்துச் சொன்னாள். அப்போது ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு, குஞ்சு பொரிக்கும் வரை இருக்கட்டும், அதற்குள் விதியை மாற்றச் சொல்லி மக்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்துப் பாருங்கள் என்று அவளே வழியும் சொல்லிவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டு மிஸ்ஸஸ் லிம்முக்கும் கோழி வளர்க்க ஆசை, இருவரும் ஒரே குடையில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். சிலர் சிரித்தார்கள், சிலர் நாற்றம் என்றார்கள், பலர் கையெழுத்துப் போட்டார்கள். பின்வரிசையில் தனேஸ்வரன் என்று ஒரு பையன் புதிதாகக் குடிவந்திருக்கிறான், கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கதவைத் திறந்தான். விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, கம்ப்ளேன் பண்ணதே நான்தான். காலையில வந்து கண்ண மூடுறேன், ஒங்க சேவல் கத்துது. நான் எப்பதான் தூங்குறது லா?" என்றான். அந்தச் சிவந்த கண்களில் உன்னைத்தான் பார்த்தேன், ராத்திரி முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் வராமல் ஜன்னலை மூடிக்கொண்டு படுக்கிற என் பிள்ளையை. உன் ஜன்னலுக்குக் கீழே ஒரு சேவல் கத்தினால் அதன் சொந்தக்காரியை நான் என்னவெல்லாம் திட்டியிருப்பேன்!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாளே துரையைக் கூடையில் வைத்துப் பீடோருக்குக் கொண்டுபோனார், அங்கே நவமணி சித்தியின் கொய்யாத் தோட்டத்தில் இடம் தாராளம். நான் வாசலுக்கே வரவில்லை. மனுவில் சேவல் என்ற சொல்லை அடித்துவிட்டு, பெட்டைக் கோழிகளுக்கு மட்டும் அனுமதி வேண்டும் என்று மாற்றி எழுதினோம், கையெழுத்துப் போட்டவர்களிடமும் போய்ச் சொன்னோம்.

மனுவைக் கொடுத்த பிறகு நகர மன்ற மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஒருவர் எலி வரும் என்றார், ஒருவர் பறவைக் காய்ச்சல் என்றார், அவர்கள் சொன்னதும் பொய்யில்லையே, என் அரைகுறை மலாயில் இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று மிஸ்ஸஸ் லிம்மைப் பார்த்தேன். அப்போது தொழிற்சாலைச் சட்டையோடு தனேஸ்வரன் எழுந்தான். "புகார் குடுத்தவன் நான்தான். இவங்க சேவல அனுப்பிட்டாங்க. பெட்டைங்க சத்தம் எனக்குத் தொந்தரவு இல்ல, அதக் கேட்டுக்கிட்டே தூங்கிப் போயிடுறேன்" என்று மலாயில் சொன்னான். மண்டபமே சிரித்தது, மேசைக்குப் பின்னால் இருந்த மன்றத்தாரும் சிரித்தார்கள். ஒரு வருடம் சோதனையாக அனுமதித்திருக்கிறார்கள். சேவல் கூடாது, நிறையக் கோழி கூடாது, கூடு சுத்தமாக இருக்க வேண்டும், அண்டை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதற்கு இடம் விட நீ நட்ட கறிவேப்பிலை மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று, கோபித்துக்கொள்ளாதே. குஞ்சுகள் பொரித்துவிட்டன, அதில் சேவல் குஞ்சு இருந்தால் அதுவும் பீடோருக்குத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, இரவில் உன் கை தொடும் நோயாளிகள் எல்லாரும் நலம் பெறட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நடுராத்திரி இடைவேளையில் இனிமேல் என்னைக் கூப்பிடாதே, இங்கே அப்போது காலை, என் போன் மணி ஊருக்கே கேட்கும். வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிடு. காலையில் பின்வீட்டில் தனேஸ்வரன் தூங்குவான்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஐவி யேசுதாசன்