நான் ஜெயித்த தீர்ப்பு

அன்புள்ள என்னவனுக்கு,

இந்த மின்னஞ்சலைப் பார்த்ததும், கேக்கில் ‘வக்கீலம்மா’ என்று எழுத வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லிவிடு. பிள்ளைகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

லீட்ஸில் மழை விடவில்லை.

வக்கீலாவதற்கான இந்தச் சொலிசிட்டர் தேர்வு எழுத மூன்று வாய்ப்புதான், இது மூன்றாவது. ஒரே மதிப்பெண்ணில் போய்விட்டது. வழக்குச் செலவு பற்றிய கேள்வியில் சறுக்கினேன். தேர்வில் தேறாத வக்கீல் உதவியாளரின் வேலைக்கும் வழக்கில் தோற்றவர் பணம் தரவேண்டும் என்று தேர்வுக்கு முந்தின வாரம் தீர்ப்பு வந்ததே, நான் ஒரு வருஷம் உழைத்த வழக்கு, அதையே விடையாகக் குறித்தேன். தேர்வுக்கோ நான்கு மாதத்துக்கு முந்தைய சட்டம்தான் செல்லும். அது தெரிந்தும் கை அங்கேதான் போயிற்று.

எங்கள் முதலாளி ஆர்மரோட் தேநீரோடு வந்தார். “அட, விடும்மா! நீ பாஸாகாட்டி என்ன? அதான் தீர்ப்பு வாங்கிக் குடுத்துட்டியே, உன் வேலைக்கும் எதிர்த்தரப்பு பணம் குடுத்துத்தானே ஆகணும். இந்த நாற்காலிய விட்டு எங்கயும் போயிடாத!”

அடுத்த வழக்கின் செலவுப் பட்டியலை வைத்துவிட்டுப் போனார். என் பெயருக்கு நேரே ‘தகுதி பெறாதவர்’ என்று நானே தட்டச்சு செய்தேன்.

இப்படிக்கு,
வழக்கமான ஐந்தரை பஸ்ஸிலேயே வரும்
உன்னவள்