அந்த நீல டிக் நான் போட்டதில்ல கண்ணு

வாழவந்தி
3.12.2025

என் செல்ல மக கௌரிக்கு அப்பன் சின்னையன் எழுதறது. சேர்வராயன் சாமி புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், எனக்கு முழங்கால், அவளுக்கு நான், இந்த ரெண்டு தொந்தரவைத் தவிர ஊட்டுல வேற நோவு இல்ல. நீயும் பாப்பா இலக்கியாவும் எப்படி இருக்கீங்கன்னு தெரியோணும், அது தெரியாமத்தான் நாலு நாளா சோறு எறங்கல. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் எழுத்து, காலும் கொம்பும் அங்கங்க காணாமப் போயிருக்கும், கோவிச்சுக்காம நீயே சேத்து வெச்சுப் படிச்சுக்க. மொதல்ல ஒண்ணு சொல்லீர்றேன், மத்த கதையெல்லாம் அப்பறம். போன புதன்கெழமை நீ வாட்சப்புல அனுப்புன சேதிக்குக் கீழ ரெண்டு டிக் நீலமா மாறியிருக்கும். அப்பா பாத்துட்டாரு, பாத்துட்டும் வாய் தொறக்கலன்னு நீ நெனச்சிருப்ப. கண்ணு, அதை நான் பாக்கவே இல்ல. நான் படிச்சது ஞாயித்துக்கெழமை மத்தியானந்தான். அதுக்குள்ள வெள்ளிக்கெழமையே நீ சரிங்கப்பா புரிஞ்சுதுன்னு போட்டுட்ட. உனக்கு என்ன புரிஞ்சுதோ அது நான் சொன்னது இல்ல சாமி.

எப்படி ஆச்சுன்னா, ஆடி மாசம் சிட்டா நகல் போன்ல அனுப்புனயே, அதைப் பேப்பர்ல எடுக்க ஏற்காட்டுல லோகேஷ் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவன் சேலத்துல இருந்து மேல வந்து கடை போட்டவன், அவன் சம்சாரம் இளவரசிதான் கம்ப்யூட்டர்ல எல்லா வேலையும் பாக்குது, அவன் கல்லாப் பொட்டிக்கு முன்னால கண்ணாடி போட்டு உக்காந்திருக்கறதோட சரி. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல எறும்பு மொச்சாப்ல ஒரு கறுப்புக் கட்டத்தைக் காட்டி, ஏனுங்கய்யா, போனை இதுக்கு நேரா புடிங்கன்னுது. புடிச்சேன். என் போன்ல இருக்கறது அத்தனையும் அந்தப் பக்கம் தாவிருச்சு. எனக்குத்தான் கண்ணுல புரை, போன்ல எழுத்தெல்லாம் கடுகு கொட்டுன மாதிரிதான் தெரியும். அங்க பாத்தா ஒவ்வொரு எழுத்தும் கொட்டாங்குச்சி தண்டி இருக்குது. பாப்பா பல்லு உழுந்த போட்டோ இருந்துச்சு பாரு, அதை அம்மாம் பெருசா பாத்ததும் எனக்கு உட்டு வர மனசில்ல. நகல் எடுத்ததும் அந்தப் பொண்ணு, இதை எடுத்துரட்டுங்களாய்யான்னு கேட்டுச்சு. இருக்கட்டும் தாயி, வாராவாரம் சந்தைக்கு வருவேன், வந்து பாத்துக்கறேன், என் பேத்தி அதுலயே சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு சொன்னது நான். தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு தேடி நீ வேற யாரு ஊட்டுக்கும் போக வேண்டாம். அன்னைல இருந்து ஞாயித்துக்கெழமை ஆனா தக்காளி வாங்கறனோ இல்லையோ அந்தக் கடையில போய் உக்காந்துருவேன். நான் சொல்லச் சொல்ல இளவரசி தட்டும். அப்பாவுக்கு திடீர்னு தமிழ் நல்லா வருதேன்னு நீ கூட கேட்ட, ராத்திரி பள்ளிக்கூடம் போறேன்னு புளுகுனேன். இந்த நீல டிக் சமாச்சாரமும் அங்க கத்துக்கிட்டதுதான். கத்துக்கிட்ட ஒடனே என்ன பண்ணுனேன், உன் சேதியப் பாத்துட்டு வேணும்னே ரெண்டு நாள் பதில் போடாம உட்டேன், புரட்டாசில. நீ பதறிப் போய் போன் பண்ணி அப்பா நல்லா இருக்கீங்களான்னு கேட்ட, நான் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். அந்த வெளையாட்டுதான் இப்ப என் கழுத்துல உக்காந்திருக்குது.

இளவரசி சொல்லித்தான் தெரியும், அந்தக் கம்ப்யூட்டர்ல உன் பேரு தொறந்தபடியே முன்னால நின்னா, நீ அனுப்பறது வந்து உழுந்ததுமே படிச்சதா ஆயிருமாம். ஆள் பாக்கோணும்னே இல்லையாம். புதன்கெழமை கடையில ஆதார் வேலைக்குக் கூட்டமாம், ஆளுக எல்லாம் அடுத்த கம்ப்யூட்டர் பக்கம் நின்னிருக்காங்க, இதுல பேத்தி மட்டும் தனியா சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கா, உன் சேதி வந்து உழுந்திருக்குது, மனுசன் ஒருத்தனும் பாக்காமலே அந்த மிசினு உங்கப்பன் பாத்துட்டான்னு உனக்குச் சொல்லிப்போட்டுது. என் போன்ல பாக்கலாமல்லன்னு நீ கேப்ப. நீதான சொல்லிக் குடுத்த, பச்சை வட்டத்துல நம்பர் இருந்தாத்தான் புது சேதின்னு. அங்க தொறந்தாச்சுன்னா இங்க நம்பர் வராதாம். நம்ம சொந்தக்காரங்க போடற பூவும் காலை வணக்கமும் மேல மேல வந்து உழுந்து உன் பேரு அடியில போயிருச்சு. நம்பர் இல்ல, சத்தமில்ல, நான் பாட்டுக்கு நாலு நாளு காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

இதுக்கு மேல எழுதத்தான் கை வர மாட்டேங்குது, ஆனா நீ வேற யாரு வாயிலயாவது கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லீர்றேன். ஞாயித்துக்கெழமை கடையில நாலஞ்சு பேரு இருந்தாங்க, நாகலூர் எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் முருகேசனும் ஒருத்தன். நான் போனதும் வழக்கம் போல கொட்டம் ஆரம்பிச்சுட்டேன். இளவரசி, ஐயா உங்க பொண்ணு ஏதோ நீட்டமாப் போட்டிருக்குங்கன்னுது. எம் மக என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பா, நல்லா சத்தமாப் படி தாயி, எல்லாரும் கேக்கட்டும்னேன். அது படிச்சுது. அப்பா, மூணு மாசமா நானும் பாப்பாவும் தனியாத்தான் இருக்கோம், அவரு எங்களை உட்டுட்டுப் போயிட்டாரு. அத்தோட நிறுத்திருச்சு. முருகேசன் குடையை எடுத்துக்கிட்டு மழை இல்லாத வெளியில போய் நின்னான், மத்தவங்களும் ஒவ்வொருத்தரா நவுந்துட்டாங்க. மிச்சத்தை நீங்களே படிச்சுக்குங்கய்யான்னு நாற்காலியை எனக்கு உட்டுட்டு அந்தப் பொண்ணு முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சேன். நாங்க ரெண்டு பேரும் அங்க வந்துரலாமா, விளையாடாம ஒரு வார்த்தை சொல்லுங்கப்பான்னு எழுதியிருந்த. பெரிய எழுத்துல பாக்கோணும்னு ஆசப்பட்டவன் பாத்த பெரிய எழுத்து அதுதான். போன மாசம் போட்டோவுல செவுரு வேறயா இருந்துச்சே, பச்சை செவுரு எங்க, மாப்ள சுண்ணாம்பைத் தின்னுட்டாரான்னு நான் கேலி பேசினேன், நீயும் சிரிக்கிற பொம்மை ஒண்ணு அனுப்புன. ஊடு மாறியிருக்கேன்னு கண்ணு பாத்துச்சு, அதுக்கு முந்தி வாய் பேசிருச்சு.

அப்பறம் நான் பண்ணாத கூத்தில்ல. லோகேஷ் கையப் புடிச்சுக்கிட்டு, அந்த நீலத்தை எப்படியாவது பழைய நெறத்துக்கு மாத்திக் குடுறான்னு கேட்டேன். பொறந்த தேதி, அப்பன் பேரு, சாதி சர்ட்டிபிகேட் எல்லாத்துலயும் தப்பு திருத்தறவன் நீ, ரெண்டு டிக்கு திருத்த மாட்டயான்னேன். அது நம்ம கையில இல்லீங்கய்யா, ஒருக்கா நீலம் ஆனா ஆனதுதாங்கன்னுட்டான். கம்ப்யூட்டர்ல இருந்து என் வாட்சப்பை எடுத்தா மாறும்னு நெனச்சு அதையும் எடுக்கச் சொன்னேன், எடுத்தாச்சு, பேத்தியும் போயிட்டா, நீலம் மட்டும் போகல. அங்க இருந்தே போன் பண்ணுனேன், சுவிட்ச் ஆப். மாப்ள பிரபாகருக்குப் பண்ணுனேன், அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது மாமான்னு சொல்லி வெச்சுட்டாரு. அவரை ஏசறதுக்கு எனக்கு நெறைய வார்த்தை இருக்குது, பாப்பாவுக்கு அப்பன்னு உட்டுட்டேன். அதுல இருந்து காலைலயும் சாயந்திரமும் ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து போறேன், அங்கதான் சிக்னல் கெடைக்குது. இருவது சேதி அனுப்பியிருக்கேன், எல்லாத்துக்கும் ஒத்த டிக்குதான். உங்கம்மாகிட்ட மூணு மணி நேரம் சொல்லாம இருந்து பாத்தேன், முடியல, சொல்லிட்டேன். உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டது பத்தல, வெரலுக்கும் போட்டிருக்கோணும்னு சொல்லிட்டு சோத்துச் சட்டிய எறக்கி வெச்சுட்டு அழுதா. அழுது முடிச்சு அவ செஞ்ச மொத வேலை பின்கட்டு ரூம்ல இருந்த காப்பி மூட்டையெல்லாம் இழுத்து வெளியில போட்டதுதான்.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். வா. இதுல கிண்டல் கலக்கல, கலந்தா உங்கம்மா லெட்டரைக் கிழிச்சுப் போடுவா, பக்கத்துலயே உக்காந்து படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்கா. ரெண்டு எடத்துல நான் எழுதுன கிண்டலை அடிக்க வெச்சுட்டா, மிச்சம் இருக்கறது அவளுக்குப் புரியாதது. பின்கட்டு ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு, சன்னல் கொக்கி தொங்கிட்டு இருந்ததைப் பக்கத்து ஊட்டுத் தனபால் அண்ணன் வந்து மாட்டிக் குடுத்துட்டாரு. நாகலூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரைப் பாத்துக் கேட்டேன், டிசி இருந்தாப் போதும், வருசத்து நடுவுலயும் சேத்துக்கறோம்னாங்க. தையலு தெரிஞ்சவ நீ, வேலையப் பத்தி இங்க வந்து மெதுவா பேசிக்கலாம். ஊர் என்ன பேசுமோன்னு யோசிக்காத. ஊருக்கு சிரிப்புக் காட்டற வேலைய அறுவது வருசமா நாந்தான் பாக்கறேன், இதையும் நான் பாத்துக்கறேன். அந்த ரைட்டர் முருகேசன் கூட நேத்து பஸ்ல பாத்து, அண்ணா புள்ள எப்ப வருதுன்னு மட்டுந்தான் கேட்டான், வேற ஒண்ணும் கேக்கல. மூணு மாசமா ஏன் சொல்லலன்னு நான் உன்னைக் கேக்க மாட்டேன். எதைச் சொன்னாலும் வெளையாடறவன்கிட்ட எந்த நேரத்துல சொல்றதுன்னு நீயும் பாத்துக்கிட்டே இருந்திருப்ப.

இந்த லெட்டர் உன் கைக்கு வருமான்னு எனக்குத் தெரியாது. புது ஊட்டு விலாசம் எங்ககிட்ட இல்ல. பாப்பா யூனிபாரம் போட்டு நின்ன போட்டோவை இளவரசி என் போன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு இழுத்துப் பெருசு பண்ணுச்சு, பின்னால இரும்புக் கேட்டு மேல பள்ளிக்கூடத்துப் பேரு தெரிஞ்சுது, நாசிக்ல எந்தத் தெருன்னும் அதுவே தேடிக் கண்டுபுடிச்சு கவர் மேல இங்கிலீசுல எழுதிக் குடுத்துச்சு. ஒண்ணாவது படிக்கற இலக்கியாவோட அம்மாவுக்குன்னு போட்டிருக்குது. டீச்சர் கூப்புட்டுக் குடுத்தா வெக்கப்படாம வாங்கிக்க, அவங்களுக்குத் தமிழ் தெரியாது, தெரிஞ்சாலும் என் கையெழுத்து தெரியாது. கெடைச்சா ஒரு போன் பண்ணு, பேச வேண்டாம், அடிச்சு உட்டுட்டாக் கூடப் போதும். கெடைக்காமப் போனாலும் நாங்க சும்மா இருக்கப் போறதில்ல. அதே கடையில பதினஞ்சாம் தேதி ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. நடுவுல ஒரு ரயில் மாறோணுமாம், உங்கம்மா ஈரோட்டைத் தாண்டுனவ இல்ல, நான் தாண்டுன மாதிரி ஊர்ல கதை உட்டவன். எங்க ரெண்டு பேருக்கும் இந்தி ஒரு சொல்லு வராது. பதினேழாம் தேதி புதன்கெழமை பள்ளிக்கூடம் உடற நேரத்துக்கு அந்தக் கேட்டுக்கு முன்னால நிப்போம், அன்னைக்குப் பாக்க முடியலன்னா வியாழக்கெழமையும் நிப்போம். பாப்பாகிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வை, மஞ்சப் பையோட ஒரு கெழவன் நின்னா பயந்துக்க வேண்டாம், அது தாத்தாதான்னு.

ரெண்டு பேரும் நோவு நொடி இல்லாம நூறு வருசம் இருக்கோணும். குளிருக்கு பாப்பா காதை மூடி உடு, நீ நேரத்துக்குச் சாப்புடு. போனை மட்டும் ஒருக்கா ஆன் பண்ணு கண்ணு.

உன் வரவை எதிர்பாத்து,
அப்பா
வீ. சின்னையன்
அம்மா ராசாத்தி பக்கத்துல இருக்கா