விமானத்துக்கு முன்னால் வந்தவன்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். ஆனா உன் மேல எனக்கு வருத்தம். ஞாயிற்றுக்கிழமை திடுதிப்புனு வந்து நின்னியே, முன்னாடி ஒரு வரி எழுதக் கூடாதா? நான் மருந்துக்கடையிலிருந்து திரும்பி வந்தப்போ நீ அப்பாவுக்கு நகம் வெட்டிக்கிட்டிருந்தே. பக்கவாதம் வந்ததிலிருந்து யாரையும் தொட விடாத மனுஷர், குழந்தை மாதிரி கையை நீட்டிக்கிட்டிருந்தார். டீ போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள உன்னைக் காணோம். அவ்வளவு தூரம் வந்துட்டு, சொல்லாமப் போறதாடா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

விளையாடாதே. நான் வரல. அன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் பாதியில நின்னுபோய், பகல் முழுக்க அதை ரிப்பேர் பண்ண மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன். இங்கிருந்து அங்க ஒன்பதாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. நடுவுல இறங்கி, காத்திருந்து, மாறி, நம்ம வாசலைத் தொட ஒரு முழு நாள் ஆகும். மத்தியானம் எட்டிப் பார்த்துட்டுத் திரும்ப நான் என்ன பக்கத்துத் தெருவிலயா இருக்கேன்? எவனோ உன்னை ஏமாத்தியிருக்கான். பூட்டை மாத்து. வருஷக் கடைசியில லீவு கிடைச்சா வரேன்.

உன்
தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

வருஷக் கடைசி, வருஷக் கடைசின்னு நீ எழுத ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு.

பூட்டை மாத்தினேன். நேத்து கதவைத் திறந்தா அவன் உள்ளதான் இருக்கான், அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிக்கிட்டு. புருவத்துல உன் தழும்பு. உன்னை மாதிரியே கனைக்கிறான். உன் கடிதத்தைக் கையில கொடுத்தேன். நிதானமாப் படிச்சு மடிச்சு வச்சான்.

"அவன் வர மாட்டான் அக்கா. அதான் நான் வந்தேன்."

எப்படி வந்தேன்னு கேட்டதுக்கு, தூரமெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான். கத்தி ஊரைக் கூட்டணும்னுதான் நினைச்சேன். அப்பா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். நான் அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வச்சேன்.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

டிக்கெட் எடுத்துட்டேன். 19ஆம் தேதி, சனிக்கிழமை காலையில இறங்குவேன்.

இங்க என்னமோ சரியில்ல. ஆள் குறுக்கே நின்னா லிப்ட் கதவு மூடக் கூடாது, அதுக்குன்னு அதுல ஒரு கண் உண்டு. கொஞ்ச நாளா அந்தக் கண்ணுக்கு என்னைத் தெரியல. என் மேலயே கதவு மூடுது. கூட வேலை செய்றவன் நின்னா ஒழுங்காத் திறக்குது. முந்தாநாள் வீட்டுக்காரம்மா யாரையோ கூட்டிட்டு வந்து, நான் எதிர்ல நிக்கும்போதே அறை காலியா இருக்குன்னு காட்டிட்டுப் போறாங்க.

நான் வர்ற வரைக்கும் அவனை உள்ள விடாதே. நிஜமாவே வரேன்னு அப்பாகிட்ட சொல்லு.

தம்பி

ஏப்ரல் 24

என் தம்பிக்கு,

அப்பா 17ஆம் தேதி வியாழக்கிழமை போயிட்டார். அவன் மடியில படுத்து, உன்னைக் கூப்பிடுற செல்லப் பேரைச் சொல்லிக்கிட்டே. நீ வரேன்னு நான் சொன்னேன். "வந்துட்டானே"ன்னார்.

சனிக்கிழமை விமான நிலையத்துல காத்துக் கிடந்தேன். எல்லாரும் வெளியே வந்தாங்க. நீ வரல. விசாரிச்சா, நீ ஏறினது உண்மைதானாம், ஆனா அந்த இருக்கையில யாரையும் பார்த்த ஞாபகம் பணிப்பெண்களுக்கு இல்லையாம். உன் பெட்டி மட்டும் பெல்ட்டுல தனியாச் சுத்திக்கிட்டிருந்ததாம். வாங்கிட்டு வந்தேன். அதோட பூட்டு எண் எனக்கே தெரியாது, அவன் கேட்காமலே திறந்தான். உன் சட்டையெல்லாம் அவனுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

இப்ப மாடியில எனக்காகத் துணி காயப்போட்டுக்கிட்டிருக்கான். எது சொன்னாலும் சரிங்கிறான். கோபமே வர்றதில்ல. ரொம்ப நல்லவனா இருக்கான்டா. அதான் பயமா இருக்கு.

எங்க இருந்தாலும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா