பதினொரு கற்களில் ஒன்று

என்னை ஒருநாளும் கோபிக்கத் தெரியாத என் அண்ணைக்கு,

நீங்கள் வரச்சொல்லி எழுதியிருந்த விரிவுரையாளர் போன செவ்வாய்க்கிழமை வந்தார். கல்லும் மண்ணும் படிப்பிக்கிற பிள்ளை. “ஐயா நிக்கிறாரோ?” என்று படலையில் நின்று கேட்டது. நீங்கள் எங்களை விட்டுப் போய் அன்றைக்கு நாற்பதாம் நாள். உள்ளே கூட்டிவந்து, மாலை போட்ட உங்கள் படத்தைக் காட்டினேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நான் உங்களை அழித்துவிட்டேன் அண்ணை.

தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்தத் தோட்டம் தோட்டமாய்த் திரிந்த உங்களுக்கு ஏன் இந்தக் கல்லுப் பைத்தியம் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஊரெல்லாம் சொக்கிளேற் கேட்க, நீங்கள் ஆயிரமாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்து கல்லான மரத்துண்டு கேட்டீர்கள். அப்படிச் சேர்ந்தவை பத்து. பதினோராவதுதான் நீர்வேலி வாழைத்தோட்டத்துக் கிணற்றை ஆழமாக்கியபோது நீங்களே பொறுக்கிவந்தது. இந்தச் சுண்ணாம்புப் பூமிக்குள் கல்லான மரமா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். “ஒருநாளைக்கு ஒராள் வந்து பாத்துச் சொல்லட்டும், பிறகு சிரியுங்கோ,” என்றீர்கள். சாகும்வரை அந்த ஒரு ஆளுக்காகத்தானே காத்திருந்தீர்கள்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள், துடக்குக் கழிய வீடு கழுவினோம். துடக்கு வீட்டில் ஒரு சாமானும் தண்ணீர் படாமல் இருக்கக்கூடாது என்று சின்னக்கா ஒற்றைக்காலில் நின்றா. உங்கள் அறையில் வரிசையாகப் பால்மா ரின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கல், கல்லுக்கு அடியில் இலக்கம் எழுதிய கடதாசித் துண்டு. கற்களைப் பேசினுக்குள் கொட்டினேன். துண்டுகளை உங்கள் பாயோடும் தலையணையோடும் சேர்த்துக் கொளுத்தினேன். கல்லில் ஒட்டியிருந்த வெள்ளை உரைஞ்சியும் போகவில்லை. கக்கூசுக்கு ஊற்றுகிற அசிட்டை எடுத்து, எந்தக் கல் என்று பாராமல் எல்லாவற்றிலும் ஊற்றினேன். பொங்கி நுரைத்தது. ஊத்தை போகிறதென்று சந்தோஷப்பட்டேன்.

சுண்ணாம்புக் கல்லில் தேசிக்காயைப் பிழிந்து புளி விட்டால் நுரைக்கும், கல்லான மரத்தில் நுரைக்காது என்று குசினியில் வைத்து எத்தனை தரம் காட்டியிருப்பீர்கள்! தேசிக்காய் வீணாகிறதென்று நான் சத்தம் போட்டேனே தவிர, ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

அந்தப் பிள்ளை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. கத்தியால் கீறியது. கல்லில் கீறு விழவில்லை, கத்திதான் தேய்ந்தது. “பதினொண்டும் அசல் மரந்தான் அன்ரி. இதிலை வளையம் எவ்வளவு வடிவாத் தெரியுது பாருங்கோ. மெருகு போட்டால் சேர்க்கிற ஆக்கள் ஆசையா வாங்குவினம்,” என்றது. பிறகு கேட்டது: “நீர்வேலிக் கல்லு எது? எனக்கு அதுதான் வேணும். எங்கை எடுத்ததெண்டு தெரியாட்டி அதுவும் மற்றக் கல்லு மாதிரித்தான்.”

உங்கள் கொப்பியைக் கொடுத்தேன். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், என்ன நிற மண் என்று எல்லாம் எழுதியிருந்தீர்கள். இலக்கமும் இருந்தது. அந்த இலக்கம் எந்தக் கல்லுக்கு என்று சொல்லக்கூடிய துண்டுதான் சாம்பலாகிவிட்டது.

“பரவாயில்லை அன்ரி. கிணத்துக்குள்ளை எடுத்ததெண்டால் எங்கடை சுண்ணாம்புக் கல்லு கொஞ்சமாவது அதிலை ஒட்டியிருக்கும். அது போதும் சாட்சிக்கு,” என்று ஒவ்வொன்றாகப் புரட்டியது. பதினொன்றும் பளிச்சென்று இருந்தன. “உதுகளை ஏதாலும் கழுவினனீங்களோ?”

“ஓம்.”

“என்னத்தாலை?”

குளியலறைக்குப் போய் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். அந்தப் பிள்ளை என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “ஐயா சொன்னது உண்மையா இருக்கலாம். ஆனா இனி ஒருத்தராலையும் சொல்லேலாது,” என்றுவிட்டுத் தேத்தண்ணியை அரைவாசி குடித்தபடி வைத்துவிட்டுப் போனது.

சின்னக்கா சொல்கிறா: “உந்த வடிவான கல்லைக் காட்டி இதுதான் எண்டு சொல்லிவிடன். ஆர் கண்டது?” எனக்கும் ஆசை வராமல் இல்லை அண்ணை. உங்கள் பெயர் ஒரு புத்தகத்தில் வரும். சிரித்தவர்கள் வாயை மூடுவார்கள். இரண்டு நாளாக அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதுவே கனடாவிலிருந்து வந்ததாக இருந்தால்? உங்கள் உண்மையை எரித்தது போதாதென்று உங்கள் பெயரில் ஒரு பொய்யும் சொல்லவா?

சொல்லமாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. ஒன்றையும் விற்கவும் மாட்டேன், இதுதான் என்று ஒன்றைக் காட்டவும் மாட்டேன். பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். அதில் ஒன்று நீங்கள் சொன்ன கல். எது என்று தெரியாமலே இப்போது உங்களை நம்புகிறேன். நீங்கள் இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது.

இப்படிக்கு,
நீங்கள் நம்பி வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போன உங்கள் தங்கச்சி
ரதி